காட்டுக்கு விருந்தினராய்ச் செல்வோம்



'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். 'பயணம்' என்பதே அதன் பொருள். ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்திய வேட்டைப் பயணத்தைக் குறித்த அச்சொல், இன்று விலங்குகளை அவற்றின் இருப்பிடத்திலேயே கண்டு மகிழும் பயணத்தைக் குறிக்கின்றது. அத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்வோம்.

பூங்கா தோன்றிய வரலாறு

வேட்டையால் விலங்கினங்கள் அருகி வந்த நிலையில், 1898ஆம் ஆண்டு சாபி ஆற்றுக்கும் முதலை ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1926இல் அது விரிவாக்கப்பட்டுத் தேசியப் பூங்கா ஆயிற்று. 1927இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அவ்வாண்டில் வந்த மோட்டார் வண்டிகள் மூன்றே! இன்று அதன் பரப்பு ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர்.

இவ்வரலாற்றில் துயரமான பக்கமும் உண்டு. பூங்காவின் வடகோடியில் வாழ்ந்த மகுலேகே மக்கள் 1969இல் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1998இல் நில உரிமை அவர்களுக்கே மீண்டது. எனினும் அவர்கள் அங்கு மீண்டும் குடியேறாமல், அந்நிலம் காடாகவே தொடர இசைந்தனர். இழந்த மண்ணைப் பெற்றவர்களே அதனை விலங்குகளுக்காக விட்டுவைத்தனர் எனில், சில நாள் விருந்தினராகச் செல்லும் நாம் எத்துணை அடக்கத்தோடு நடத்தல் வேண்டும்!

காலமும் தூரமும்

மே முதல் செப்டம்பர் வரை அங்கு வறண்ட காலம். புல் தாழ்ந்து, மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். விலங்குகள் நீர்நிலைகளை நாடி வருமாதலின் காண்பது எளிது. மழைக்காலத்திலோ காடு பசுமை பூணும். மான் கன்றுகள் துள்ளும். வலசை வரும் பறவைகள் நிறையும். மழைக்காலத்தில் மலேரியா அபாயம் மிகுதி. எக்காலத்தில் செல்வதாயினும் முன்னரே மருத்துவரைக் கலந்து கொள்ளுதல் நன்று.

தங்கும் முகாம்களுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தல் வேண்டும். நம் சொந்த வண்டியிலேயே பூங்காவைச் சுற்றி வரலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரும், மண் சாலையில் 40 கிலோமீட்டரும் வேக வரம்புகளாகும். ஆயினும் நின்று நின்று பார்த்துச் செல்வோர்க்கு மணிக்கு 25 கிலோமீட்டரே கணக்கு. ஸ்குகூசா முகாமிலிருந்து சதாரா முகாம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஒதுக்க வேண்டும். வாயில்கள் மூடும் நேரம் பருவத்திற்கேற்ப மாறும். கடைசி நேரத்தில் விரைந்தோடும் வண்டியே சாலையைக் கடக்கும் உயிருக்கு எமனாகின்றது.

விதிகளின் பொருள்

குறிக்கப்பட்ட இடங்களில் அன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. எவ்விலங்கிற்கும் உணவிடலாகாது. "ஒரு வாழைப்பழம் கொடுத்தால் என்ன?" எனக் குழந்தைகள் கேட்கக்கூடும். மனிதர் கையால் உண்டு பழகிய பபூன் குரங்கு அச்சம் இழக்கும். பின்னர் உணவுக்காகத் தாக்கும். இறுதியில் வனக்காவலர் அதனைக் கொல்ல நேரிடும். நாம் அன்பென எண்ணிக் கொடுத்தது அதற்கு நஞ்சாகிவிடும்.

காண்டாமிருகத்தைக் கண்டால், கண்ட இடத்தைக் கைப்பேசி வழியே பரப்பாதிருப்போம். நம் நகத்தில் உள்ள அதே பொருளாலாகிய கொம்புக்காக அதனைக் கொல்லும் கும்பல்கள் அச்செய்தியையும் பயன்படுத்தக்கூடும்.

நிறைவாக

அது விலங்குக் காட்சிச்சாலை அன்று. சிங்கம் நம் வசதிக்கு வந்து நில்லாது. நீர்நிலை ஓரம் வண்டியை நிறுத்தி, ஓசையின்றிக் காத்திருப்போம். அங்கே சாணவண்டு உருட்டும் உருண்டையும் பாடமே. யானைக் கூட்டம் தன் கன்றை நடுவில் காத்துச் செல்வதும் பாடமே. காத்திருக்கக் கற்ற கண்ணுக்கே காடு தன்னைக் காட்டும்.

பயிற்சி வினாக்கள்

1. முகாம் வாயில் மாலை 5.30 மணிக்கு மூடப்படும். முகாம் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மணிக்கு 25 கிலோமீட்டர் கணக்கில் செல்லும் நாம் எத்தனை மணிக்குள் புறப்பட வேண்டும்?
2. விலங்கிற்கு உணவிடுதல் ஏன் அதற்குத் தீங்காகின்றது?
3. மகுலேகே மக்களின் முடிவைப் பற்றி உம் பெற்றோருடன் உரையாடி ஐந்து வரிகள் எழுதுக.

அருஞ்சொற்பொருள்: அருகுதல் – குறைதல், இசைதல் – உடன்படுதல், வலசை – பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்தல்.