ஆவ் தாலேனில் கயாக்: ஓதம் பார்த்துக் கிளம்புங்கள்

தாய்லாந்தின் கிராபிக்குப் போகிறவர்கள் எந்த மாதம் போகலாம், எங்கே பதிவு செய்யலாம், ஆளுக்கு எத்தனை பாட் ஆகும் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். ஓதம் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப் போனவர்கள்தான் சேற்றில் தரைதட்டிய கயாக்கில் உட்கார்ந்து, துடுப்பால் மண்ணைக் குத்திக்கொண்டிருப்பார்கள். கிராபியில் அலையாத்திக் காடு சூழ்ந்த ஆவ் தாலேன் வளைகுடாவில் இது அன்றாடக் காட்சி.

மாதத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை போங்கள், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களை விட்டுவிடுங்கள். காலையிலேயே இறங்குங்கள், மதியத்துக்கு மேல் காற்று கிளம்பிவிடும்.

இனி ஓதம். அந்தமான் கடலின் இந்தக் கரையில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறேகால் மணி நேரம். ஆனால் இந்த ஆறு மணி நேரமும் தண்ணீர் ஒரே வேகத்தில் நகராது. மொத்தம் 2.4 மீட்டர் வற்றுகிறது என்று வையுங்கள். முதல் மணியில் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும், இரண்டாவதில் 40. மூன்றாவதிலும் நான்காவதிலும் 60, 60. பிறகு 40, கடைசியில் 20. மாலுமிகளின் பழைய தோராயக் கணக்கு இது. ‘இன்னும் தண்ணீர் இருக்கிறதே, அந்த வளைவு வரைக்கும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்’ என்று நினைக்கவைப்பது அந்த முதல் மணி. மாட்டிவிடுவது மூன்றாவது மணி.

ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் படகில் ஏறுங்கள். உள்ளே போகும்போது ஏறுகிற தண்ணீர் தள்ளிவிடும். உச்சத்தில் நீங்கள் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவில், அலையாத்திக் காட்டின் உள்மடிப்பில் இருப்பீர்கள். தண்ணீர் வற்றத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாய்க்காலை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வற்றும் தண்ணீரே இழுத்துவந்து விடும், கைக்கு வேலை பாதிதான்.

எந்த நாள் போவது? நம் வீட்டு தினசரிக் காலண்டர் இதற்குப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, அதிலும் கழிந்த ஓரிரு நாளில், ஏற்றமும் வற்றமும் மிகப் பெரிதாக இருக்கும். காட்டுக்குள் வெகுதூரம் போகலாம், ஆனால் நீரோட்டம் முரட்டுத்தனமாக இழுக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் சாது, ஆனால் உள் வாய்க்கால்கள் சரியாக நிரம்பாது. துடுப்பு புதிதென்றால் இரண்டுக்கும் இடைப்பட்ட நாளைப் பிடியுங்கள். மணிக்கணக்கைக் காலண்டர் சொல்லாது, அதற்குத் தாய்லாந்துக் கடற்படையின் நீர்வரைவியல் துறை வெளியிடும் ஓத அட்டவணை இருக்கிறது. இணையத்தில் பார்த்தால் எந்த ஊர் நேரம் என்று கவனியுங்கள். அவர்கள் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பவர்கள். அந்த ஒன்றரை மணி போதும், பயணத்தைக் கெடுக்க.

படகு விஷயத்தில் மேலே உட்காரும் வகை கயாக்தான் எடுக்க வேண்டும். கவிழ்ந்தாலும் தண்ணீர் நிரம்பாது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். இருவர் படகென்றால் கனமானவர் பின்னால். திருப்புவது அவர் பொறுப்பு, வேகத்தாளம் முன்னால் இருப்பவருடையது. முன்னவர் எப்படிப் போடுகிறாரோ அதே பக்கம், அதே நேரம் பின்னவரும் போட வேண்டும். பின்னால் இருப்பவர் உத்தரவு போட்டுக்கொண்டே வந்தால் துடுப்பும் துடுப்பும் மோதும், பிறகு வாயும் வாயும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை எல்லாம் மாட்டுங்கள். ஜீன்ஸ் வேண்டாம். குதிகால் பட்டையுள்ள செருப்பு வேண்டும். ரப்பர் செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டு திருப்பித் தராது.

துடுப்பைக் கையால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுங்கள். திரும்ப வேண்டுமா, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் அகலமாக ஒரு அரைவட்டம் போடுங்கள். பாறை இடுக்கில் அதற்கு இடம் இருக்காது. அங்கே திரும்ப வேண்டிய பக்கத்திலேயே துடுப்பைப் பின்னாலிருந்து முன்னோக்கித் தள்ளினால் படகு நின்ற இடத்தில் சுழலும்.

பலர் இதில்தான் தவறுவார்கள்: படகு ஓரமாக ஒதுங்கியதும் கை தானாக வேரைப் பிடிக்கும். பிடிக்காதீர்கள். சுரபுன்னையின் தாங்குவேர்களில் சிப்பிகள் ஒட்டியிருக்கும், பிளேடு மாதிரி கிழிக்கும். தலைக்கு மேலே கிளையில் அலையாத்திக் காட்டு விரியன் சுருண்டு கிடக்கலாம். அதை நீங்கள் தொந்தரவு செய்யாதவரை அதுவும் சும்மா இருக்கும். வேரைத் துடுப்பின் தட்டையால் மெல்லத் தள்ளி விலகுங்கள்.

தரைதட்டிவிட்டால் இறங்காதீர்கள். முழங்கால் வரை, சில இடங்களில் தொடை வரை உள்ளே போகும் சேறு அது. உட்கார்ந்தபடியே உடம்பை முன்னும் பின்னும் அசைத்து, வந்த வழியே துடுப்பால் உந்துங்கள். வரவில்லையா, அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருங்கள். சேற்றுத் தாவி மீன்களையும் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும் நண்டுகளையும் வேடிக்கை பார்க்க வேறு எப்போது இத்தனை நேரம் கிடைக்கப்போகிறது?

குரங்குகள் பற்றி ஒரு வார்த்தை. நண்டு தின்னும் நீள்வால் குரங்குகள் இவை. நன்றாக நீந்தும், தாவிப் படகிலேயே ஏறும். சாப்பாட்டுப் பொட்டலம் கண்ணில் பட்டால் உங்களுடையது இல்லை. பழத்தைக் காட்டிப் படம் எடுக்கும் பழக்கத்தால்தான் அவை இப்படி ஆகிவிட்டன. நீங்களும் சேராதீர்கள்.

வாய்க்கால் முடிந்து திறந்த வளைகுடாவுக்கு வந்தால் ‘நீள்வால்’ எனப்படும் மோட்டார் படகுகள் விரையும். அவை கிளப்பும் அலையைப் பக்கவாட்டில் வாங்கினால் கவிழ்வீர்கள், மூக்கை அலைக்கு நேராகத் திருப்புங்கள். தூரத்துத் தீவுகளுக்குச் சொந்தமாகத் துடுப்பு போடும் ஆசை வேண்டாம், படகு அமர்த்திப் போங்கள்.

பக்கத்திலுள்ள பாங்ஙா வளைகுடாவில் கோ பனாக் தீவின் குகைகளுக்கும் போக நினைத்தால் மேலே சொன்ன கணக்கை அப்படியே பொருத்தாதீர்கள். காட்டுக்கு உச்ச ஏற்றம் நல்லது, குகைக்கு அது ஆபத்து. பாறையைக் குடைந்து உள்ளே போகும் இருட்டுப் பாதையில் தண்ணீர் ஏறினால் கூரைக்கும் நீருக்கும் இடைவெளியே இருக்காது. மிகவும் வற்றினால் வெறும் சேறு. நடுவில் கிடைக்கும் சிறு அவகாசத்தில் வழிகாட்டியுடன், படகில் மல்லாந்து படுத்தபடி நுழைந்து வெளியேற வேண்டும். கூரையிலும் சிப்பி உண்டு, ஆகவே மூக்கை உயர்த்தாதீர்கள். வழிகாட்டி ‘போதும்’ என்றால் இன்னொரு படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள்.

கோ ஹொங் என்ற பெயரில் இரண்டு தீவுகள் உண்டு, ஒன்று பாங்ஙாவில், மற்றொன்று கிராபியில். பதிவு செய்யும்போது எது என்று கேளுங்கள். கிராபியின் கோ ஹொங்கில் உள்ள காயலின் வாய் ஆழமில்லாதது, அதற்கும் ஏற்றமே வேண்டும். ஆவ் தாலேனுக்குப் போன மறுநாள் அங்கே போவதென்றால் ஏற்றம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போயிருக்கும். முதல் நாள் பத்து மணிக்கு உச்சம் என்றால் மறுநாள் பத்தே முக்கால் தாண்டித்தான். படகுக்காரரிடம் அந்த நேரத்தைச் சொல்லிப் பேசுங்கள். எல்லாருக்கும் அவர் பொதுவாகச் சொல்லும் ‘காலை எட்டரை’க்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.