சொல்லாமல் நீக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

பிளகின் எழுதுகிறவர்களுக்காக நீ தயாரித்த விதிமுறையை முழுவதும் படித்தேன். உரிமம், பாதுகாப்பு, பெயர் வைக்கும் முறை எல்லாம் நாம் பேசித் தீர்த்தவை. அவற்றில் கை வைக்கவில்லை. என்னைக் கடுப்பேற்றியவை இரண்டு.

முதலாவது, "மூன்றாம் தரப்புப் பிளகின்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி. வண்டி நிறுத்துமிடத்துப் பலகை மாதிரி பக்கத்துக்குப் பக்கம் நிற்கிறது. உன் செயலியைப் பாதிப் பேர் நிறுவியதே அந்தப் பிளகின்களுக்காகத்தான். பொறுப்பேற்க வேண்டாம். எதை மாற்றமாட்டாய், எதை எந்த நேரமும் மாற்றுவாய் என்றாவது சொல்.

லினக்ஸ் கெர்னலைப் பார். பயனர் நிரல்கள் நம்பியிருக்கும் இடைமுகத்தை உடைக்கக் கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் எவ்வளவு கறார் என்பது உனக்கே தெரியும். கெர்னலுக்கு உள்ளே இருக்கும் இடைமுகங்களுக்கோ எந்த உறுதியும் கிடையாது. அதையும் ஒளிக்கவில்லை, கிரெக் குரோ-ஹார்ட்மன் எழுதிய விளக்கம் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. டிரைவரை வெளியே வைத்துப் பராமரிப்பவருக்கு அது கசக்கும். ஆனால் வழியும் அதிலேயே இருக்கிறது: டிரைவரை உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிடு, இடைமுகத்தை மாற்றுகிறவரே அதையும் திருத்திவிடுவார். கறாராக இருப்பது வேறு, கைகழுவுவது வேறு.

இரண்டாவது, அதோடு நீ அனுப்பிய 2.4 வெளியீட்டுக் குறிப்பு. "உள்கட்டமைப்பு ஒழுங்குசெய்யப்பட்டது" என்று ஒரே வரி. டிஃப் எடுத்துப் பார்த்தால், பிளகின்கள் அழைத்துவந்த ஒரு ஃபங்ஷனையே காணோம். பெயருக்கு முன்னால் அடிக்கோடு இருக்கிறது, அது எங்கள் உள் விவகாரம் என்பாய். அந்த வேலையைச் செய்ய வெளியே வேறு ஃபங்ஷன் கொடுத்திருந்தாயா? இல்லை. பிறகு அவர்கள் எதைத்தான் அழைப்பார்கள்?

நான் எப்போதும் பாடும் பாட்டுத்தான்: முதலில் எச்சரி, பிறகு நீக்கு. வேர்ட்பிரஸ்ஸில் விலக்கப்பட்ட ஃபங்ஷனை அழைத்தால் அது வழக்கம்போல வேலை செய்யும். டீபக் வசதியைப் போட்டிருந்தால், எந்தப் பதிப்பில் விலக்கினார்கள், பதிலுக்கு எதை அழைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் வரும். பயர்பாக்ஸ் தன் பழைய நீட்சிகளைக் கைவிடப்போவதாக 2015 ஆகஸ்டில் அறிவித்து, 2017 நவம்பரில் 57ஆம் பதிப்பில்தான் நிறுத்தியது. உலாவியின் எந்த மூலைக்கும் கை நீட்டக்கூடிய நீட்சிகள் அவை. அவற்றை வைத்துக்கொண்டு உலாவியைப் பல ப்ராசஸ்களாகப் பிரிப்பது பெரும்பாடு. காரணமும் நியாயம், அவகாசமும் இரண்டு வருடத்துக்கு மேல். அப்படியும் புதிய ஏபிஐயில் இடமில்லாமல் பல நீட்சிகள் அழிந்தன. நீ கொடுத்த அவகாசம் என்ன?

நான் இளைஞனாக வேலை பார்த்த நூலகப் பட்டியல் மென்பொருளில் வெளியீடுகளைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. எதையாவது நீக்குவதென்றால் கண்ணில் படுகிற பிளகின் மூலநிரல்களையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டு கிரெப் ஓட்டுவார். யார் யார் அதை அழைக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெயில் எழுதுவார். பழைய வரி, புதிய வரி, இரண்டும் அதில் இருக்கும். அவர்களில் பலர் நிரல் எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். லேபிள் அச்சடிக்க வழியில்லாமல் தாங்களே பிளகின் எழுதிக்கொண்ட நூலகர்கள். "பேட்ச் வேண்டாம், விலாசம் கொடு" என்று அக்கா எங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒவ்வொரு பில்டிலும் பிறர் எழுதிய பிளகின்களின் சோதனைகளையும் ஓட்ட ஏற்பாடு செய்யப்போவதாக எழுதியிருக்கிறாயே, அபாரம்! ரஸ்ட் குழு கிரேட்டர் என்ற கருவியால் புதிய கம்பைலரை உலகத்தார் எழுதிய நிரல்கள்மேல் ஓட்டிப் பார்க்கிறது. அந்தப் புத்தி இந்த வயதில் உனக்கு வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பெரிய திட்டங்கள் பலவற்றுக்கு இன்னும் வரவில்லை.

அந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்காதே. நீக்கிய ஃபங்ஷனை 2.4.1இல் எச்சரிக்கையோடு திரும்பப் போடு. அதற்கு மாற்றாக ஒன்றை ஆவணத்தில் சேர். 3.0 வரட்டும், அப்போது தாராளமாக நீக்கு.

அன்புடன்,
அண்ணன்