கடலடியில் இடம் அறிதல்

நுழையும்முன்

வானில் சுழலும் செயற்கைக்கோள்கள் கடல்மேல் செல்லும் படகுக்கு வழி காட்டுகின்றன. அக்கடலுக்குள் மூழ்குபவருக்கும் அவை வழி காட்டுமா? நீர்ப்பரப்பில் தொடங்கும் இடர்ப்பாட்டையும் அதனைக் கடக்க மனிதர் கண்ட வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

கரை காட்டிய வழி

வெட்டாறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் நாகூர். அங்குள்ள தர்காவின் ஐந்து மினாராக்களுள் உயரமானது 131 அடி உயரமுடையது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப்சிங் காலத்தில் எழுப்பப்பட்டது. வழிபாட்டிடத்தின் பகுதியாக அது எழுந்திருப்பினும், தாழ்ந்த சமவெளிக் கரையில் ஓங்கி நிற்கும் எக்கட்டடமும் கடலோடிகளுக்கு ஓர் அடையாளமே.

கரையில் முன்னே தெரியும் ஒரு மரமும் பின்னே தெரியும் ஒரு கோபுரமும் ஒரே நேர்கோட்டில் வந்தால், படகு அக்கோட்டின்மேல் உள்ளது என்பது உறுதி. வேறு திசையில் மேலும் இரண்டு அடையாளங்கள் நேர்கோட்டில் அமைந்தால், இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியே படகு நிற்கும் இடம். மீன்கள் திரளும் கடலடிப் பாறைகளைப் ‘பார்’ என்பர். கண்ணுக்குத் தெரியாத அப்பாரைக் கண்ணுக்குத் தெரியும் கரையைக் கொண்டு மீனவர்கள் கண்டறிந்தனர். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது.

வானம் காட்டும் வழி

இன்று மீன்பிடிப் படகுகளில் ‘ஜி.பி.எஸ்’ கருவி இடம்பெற்றுள்ளது. அது செயற்படும் முறையும் பழைய முறைக்கு உறவுடையதே. கரை அடையாளங்களுக்கு மாற்றாக, ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் செயற்கைக்கோள்களை அது பயன்படுத்துகிறது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்புகிறது. அலை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவு கணக்கிடப்படுகிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால், இடமும் உயரமும் நேரமும் துல்லியமாகப் புலப்படும்.

இந்தியாவும் தனக்கென ஒரு வழிகாட்டல் அமைப்பை உருவாக்கியது. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2016இல் அவ்வமைப்புக்கு ‘நாவிக்’ எனப் பெயரிடப்பட்டது.

நீர் இடும் தடை

இருபதாயிரம் கிலோமீட்டரைக் கடந்து வரும் அவ்வலை, கடல்நீரில் ஒரு சாண் ஆழத்தைக்கூடக் கடப்பதில்லை. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அவ்வலையின் ஆற்றலை உறிஞ்சிவிடுகிறது. எனவே, காற்று உருளையைச் சுமந்து ‘ஸ்கூபா’ முறையில் மூழ்குபவர், தம் கையில் எத்தகைய கருவியை வைத்திருந்தாலும் செயற்கைக்கோளின் துணையை நீர்ப்பரப்பிலேயே இழந்துவிடுகிறார்.

இவ்விழப்பு சிறியதன்று. இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நீர்ப்பரப்பில் உள்ளதைப்போல் மூன்று மடங்காகும். உருளையிலுள்ள காற்றும் மூன்று மடங்கு விரைவாகத் தீரும். ஆகவே, வழி தேடி அலைவதற்கு அங்கு நேரமில்லை. நீரோட்டம் தம்மை இழுத்துச் செல்வதை உணராதவர், படகிலிருந்து நெடுந்தொலைவில் மேலெழக்கூடும். அலைகளுக்கிடையே மிதக்கும் ஒரு தலையைப் படகிலிருந்து காண்பது அரிது.

மூவகைத் துணைகள்

இத்தடையைக் கடக்க மூழ்குவோர் மூன்று வழிகளைக் கையாளுகின்றனர்.

முதலாவது, திசைகாட்டி. பூமியின் காந்தப்புலத்திற்கு நீர் தடையன்று. செல்லும் திசையைத் திசைகாட்டியிலும் தொலைவைக் கால் உதைப்புகளின் எண்ணிக்கையிலும் கணக்கிட்டு, எதிர்த்திசையில் அதே எண்ணிக்கையில் திரும்புவர். எனினும், நீரோட்டம் இக்கணக்கைப் பிறழச் செய்யும்.

இரண்டாவது, மிதவை. செயற்கைக்கோள் அலையை ஏற்கும் கருவியை நீர்ப்பரப்பிலுள்ள மிதவையில் வைத்து, கயிற்றின் மறுமுனையை மூழ்குபவர் பிடித்துக்கொள்வார். ஆயினும், மிதவை இருக்குமிடம் மூழ்கியவர் இருக்குமிடமாகாது. 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவரின் 25 மீட்டர் கயிறு நேராகச் சாய்ந்திருந்தால், பிதாகரசு தேற்றத்தின்படி மிதவை 15 மீட்டர் விலகியிருக்கும்.

மூன்றாவது, ஒலி. வானொலி அலையை விழுங்கும் கடல், ஒலியை நெடுந்தொலைவு சுமந்து செல்லும். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. படகிலிருந்து புறப்பட்ட ஒலிக்கு, மூழ்கியவரிடமுள்ள கருவி உடனே விடையளித்து, அவ்விடை 0.2 நொடியில் திரும்பினால், அவர் 150 மீட்டர் தொலைவில் உள்ளார். விடை வரும் திசையையும் அளந்து, செயற்கைக்கோள் தரும் படகின் இருப்பிடத்தோடு இணைத்தால், அவர் இருக்குமிடம் தெளிவாகும்.

பூம்புகார் கற்பிப்பது

நாகூருக்கு வடக்கே, காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது பூம்புகார். கடல் கொண்டதாக மணிமேகலை கூறும் அந்நகரின் தடயங்களைத் தேடி, கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் அக்கடலில் மூழ்கி ஆய்ந்தனர். 1791, 1792 ஆகிய ஆண்டுகள் பொறிக்கப்பட்ட ஈயக்கட்டிகளுடன் ஒரு கப்பலின் சிதைவு அங்குக் கண்டறியப்பட்டது. மேலும், கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவிலான ஓர் அமைப்பு 1990களின் தொடக்கத்தில் அறியப்பட்டது. அது மனிதர் படைத்ததா, இயற்கையாய் அமைந்ததா, அதன் காலம் யாது என்பனவற்றில் கருத்து வேறுபாடுகள் உள்ளன.

இவ்வினாக்களுக்கு விடை காண, ஆய்வாளர்கள் அதே இடத்திற்கு மீண்டும் செல்லுதல் வேண்டும். அகலக்கோட்டின் ஒரு விகலை ஏறத்தாழ 31 மீட்டர். ஆற்று வண்டலால் கலங்கிய நீரில் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது, ஒரு விகலைப் பிழைகூடத் தேடும் பொருளை மறைத்துவிடும். ஆய்வு நிகழ்ந்த அக்காலத்தில், பொதுப் பயன்பாட்டுக்கான ஜி.பி.எஸ் அலையின் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அக்கட்டுப்பாடு நீங்கியது. பிறர் சென்று சரிபார்க்க இயலாத கண்டுபிடிப்பு வெறும் செய்தியாகவே எஞ்சும்; இடம் குறிக்கப்பட்ட கண்டுபிடிப்பே அறிவாகும்.

செயற்கைக்கோள் மூழ்குபவரைக் கடலின் வாயில்வரை அழைத்து வருகிறது. அதற்குமேல் திசைகாட்டியும் கயிறும் ஒலியும் கணக்கும் துணையாகின்றன. ஒரு துணை நின்றுவிடும் எல்லையை முன்னரே அறிந்து, அடுத்த துணையை ஆயத்தமாக வைத்திருப்பதே கடலோடிகளின் அறிவு. மினாராவும் மரமும் நேர்கோட்டில் வரும் கணத்திற்காகக் காத்திருந்த மீனவரும் இவ்வறிவையே கைக்கொண்டிருந்தார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நெடுந்தொலைவிலிருந்து தெரியும் நான்கு அடையாளங்களைத் தேர்ந்து, இரு நேர்கோடுகளைக் கொண்டு ஓரிடத்தைக் குறிக்கும் முறையை வரைபடத்துடன் விளக்குக.

2. ‘இடம் குறிக்கப்பட்ட கண்டுபிடிப்பே அறிவாகும்’ – இக்கூற்றைத் தொல்லியல் ஆய்வோடு பொருத்திக் கலந்துரையாடுக.