இடுப்பு மூட்டுத் தேய்மானம்: நடை தளரும் முன்பே அறிந்துகொள்வோம்



நம் பள்ளிவாசல்களில் ஸஃப்பின் ஓரத்தில் போடப்படும் நாற்காலிகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. "வயசாகிடுச்சு, இனி இப்படித்தான்" என்று சொல்லி அதில் உட்காரும் பெரியவர்களில் சிலருக்கு உண்மைக் காரணம் இடுப்பு மூட்டுத் தேய்மானம். வீட்டில் தொழும் உம்மாமார் எப்போது நாற்காலிக்கு மாறினார்கள் என்பது பல வீடுகளில் பிள்ளைகளுக்கே தெரிவதில்லை.

இந்நோய் எல்லோரையும் ஒரே வேகத்தில் முடக்குவதில்லை. சிலர் பல ஆண்டுகள் தாமாகவே கடைத்தெருவுக்குப் போய் வருகிறார்கள். சிலர் சீக்கிரமே வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். யாருக்கு நடமாட்டம் குறையும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். கணித்தால் தள்ளிப்போடவும் முடியும்.

வலி எங்கே தெரியும்?

நாம் இடுப்பு வலி என்று சொல்வது பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலிதான். இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் குழியில் பொருந்தும் இடம். அது தேயும்போது வலி தொடை இடுக்கிலும் தொடையின் முன்பக்கத்திலும் வரும். சிலருக்கு முழங்காலில் மட்டும் தெரிவதால் மாதக்கணக்கில் முழங்காலுக்கே தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருக்கும். பொதுவாக அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும்.

யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

1. தொடக்கத்திலேயே வலி கடுமையாக இருப்பவர்.
2. மூட்டு மடங்குவது குறைந்தவர். கால் நகம் வெட்டவும், உளூவில் காலைக் கழுவவும், அத்தஹிய்யாத் இருப்பில் அமரவும் சிரமப்படுவார்.
3. தொடைத் தசை மெலிந்தவர். கை ஊன்றாமல் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாது.
4. உடல் எடை கூடியவர். சர்க்கரை, இதய நோய், மூச்சிரைப்பு போன்றவை சேர்ந்திருப்பவர்.
5. வலிக்குப் பயந்து நடப்பதையே குறைத்துக்கொண்டவர்.

ஐந்தாவதை நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். "வாப்பா, நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று அன்போடு சொல்கிறோம். ஆனால் நடை குறைந்தால் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் மீது பாரம் கூடும். வலி மேலும் வளரும். எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியாது. படத்தில் தேய்மானம் அதிகமாகத் தெரிந்தும் நன்றாக நடப்பவர் உண்டு. குறைவாகத் தெரிந்தும் முடங்கியவர் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை

கைப்பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். கைகளை மார்பின் மீது கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். விழாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12 முறைக்கும், பெண் 11 முறைக்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழ். எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்துவைத்து மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். குறைந்திருந்தால் காத்திருக்காமல் எலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

பிசியோதெரபி நிபுணர் கற்றுத்தரும் தசைப் பயிற்சியும், தாங்கும் அளவுக்கு அன்றாட நடையும் முதல் மருந்து. எடையைக் குறைப்பது அடுத்தது. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். மருந்துக்கடையில் தாமாக வாங்கி நெடுநாள் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர் சொன்னால், படுக்கையில் விழும்வரை தள்ளிப்போடாதீர்கள். மிகவும் முடங்கிய பின் செய்துகொள்பவர்களின் நடை, முன்னதாகச் செய்துகொண்டவர்களின் அளவுக்குத் தேறுவதில்லை. காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஹஜ், உம்ராவுக்கு நிய்யத் வைத்திருப்பவர்கள் இப்போதே தயாராக வேண்டும். ஸஃபா, மர்வா இடையிலான ஏழு ஓட்டம் மட்டுமே சுமார் மூன்று கிலோமீட்டர்.

நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாற்காலியில் தொழும் முறையை இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அந்தச் சலுகை தொழுகைக்கானது. நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதற்கு அல்ல.

இன்று இஷாவுக்குப் பின் உங்கள் உம்மாவிடமும் வாப்பாவிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன ரமளானில் சிரமமில்லாமல் செய்த எந்த வேலையை இப்போது விட்டுவிட்டீர்கள்?" கணிப்பு அந்தப் பதிலிலிருந்தே தொடங்கும்.

அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.