தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்
மேற்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதுவோருக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சி

திருவனந்தபுரம் பழவங்காடிப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சொற்களைப் பற்றிய ஒரு பாடம் பள்ளிக்குச் செல்லும் முன்பே கிடைத்துவிடுகிறது. கணபதி கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுச் சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்தால், காதில் விழும் மலையாளத்தில் பாதி தமிழ் போலவே ஒலிக்கும். ஆனால் அங்கே ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர். நமக்கோ அது கரையுடைக்கும் பெருக்கு. அவர்களுக்கு ‘அவசரம்’ என்பது வாய்ப்பு. நமக்கு அது பரபரப்பு. மலையாளப் பள்ளி மாணவன் எழுதும் ‘உபன்யாசம்’ ஒரு கட்டுரை. நம் வீட்டுப் பாட்டி கேட்கப் போகும் உபந்நியாசமோ கோயில் மண்டபத்துச் சமயச் சொற்பொழிவு. யார் பேசுகிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துப் பொருள் கொள்ளும் பழக்கம் இரு மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

அதே பிள்ளை பட்டம் பெற்று, மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும்போது இத்திறமையை மறந்துவிடுகிறது. கடினமான ஆங்கிலச் சொற்கள் ஆயிரம், ஈராயிரம் என்று பட்டியலிட்ட நூலொன்றை வாங்கி, ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. இம்முறையால் பயன் குறைவு என்பதே நம் கருத்து. ஏன் என்பதைத் தேர்வுகளின் அமைப்பே கூறும்.

இந்திய மேலாண்மைக் கழகங்களின் சேர்க்கைக்கான ‘கேட்’ தேர்வை எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் ஆண்டுத் தேர்வில் மொத்தம் 68 வினாக்கள். மூன்று பிரிவுகளுக்கும் தலா 40 நிமிடம். ஆங்கிலப் பிரிவின் 24 வினாக்களுள் 16 வினாக்கள் நான்கு நீண்ட உரைப்பகுதிகளைப் படித்து விடையளிக்க வேண்டியவை. எஞ்சியவை பத்தியின் சாரம் காணல், வாக்கியங்களை முறைப்படுத்தல் போன்றவை. இன்ன சொல்லுக்கு இன்ன பொருள் என்று நேராகக் கேட்கும் வினா அரிது. பொறியியல் பட்டதாரிகள் எழுதுவதும் ‘கேட்’தான், இரண்டும் தமிழெழுத்தில் ஒன்றாகிவிடுவது நம் பொருளுக்குப் பொருத்தமான வேடிக்கை. அதில் 100 மதிப்பெண்ணில் 15 பொதுத்திறனுக்கு உரியவை. ஆங்கிலமும் அதனுள் அடங்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடுவோர் எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் முன்பு எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் இருந்தன. பட்டியல் நூல்கள் செழித்தது அக்காலத்தில்தான். 2011-இல் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. 2023 செப்டம்பர் முதல் தேர்வு மேலும் சுருங்கி, மொழித்திறன் பகுதி 41 நிமிடத்தில் 27 வினாக்களாக நிற்கிறது. எல்லாமே வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கப்படுபவை. தேர்வு மாறிவிட்டது, பட்டியல் நூல்களின் விற்பனை மட்டும் மாறவில்லை.

இதில் பணயமாக இருப்பது சிறிதன்று. கணக்கில் முன்னணியில் நிற்கும் பொறியியல் பட்டதாரிகள் பலர் ஆங்கிலப் பிரிவில் சறுக்குகின்றனர். மேலாண்மைக் கழகங்கள் மொத்த மதிப்பை மட்டும் பார்ப்பதில்லை; ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தபட்சத் தகுதியை எதிர்பார்க்கின்றன. ஆகவே ஒரு பிரிவில் விழுந்தவருக்கு மற்றவற்றில் எடுத்த உயர்மதிப்பு கைகொடுப்பதில்லை. ஓராண்டு உழைப்பும், பயிற்சி நிலையக் கட்டணமும், கல்விக் கடனை நம்பிக் குடும்பம் போட்ட திட்டமும் ஒருசேரத் தள்ளிப்போகின்றன.

அந்தக் கல்விக் கடன் கடிதத்திலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். வங்கி வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் சிலவே, தேர்வின் உரைப்பகுதிகளில் வேறு பொருள் தாங்கி வந்து மாணவரை வீழ்த்துகின்றன. அறியாத சொல்லைக் கண்டால் மாணவர் எச்சரிக்கை அடைவார். அறிந்த சொல்லைக் கண்டால் ஐயமின்றிக் கடந்துவிடுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கடன் ‘சாங்ஷன்’ ஆயிற்று என்றால் வீட்டில் இனிப்பு வழங்குகிறோம். ஒரு நாட்டின் மீது ‘சாங்ஷன்’ விதிக்கப்பட்டது என்று செய்தித்தாளில் வந்தால் அது தண்டனை. ஒப்புதல், தண்டனை என்னும் இரு துருவங்களும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்தன? சட்டத்தால் உறுதிசெய்தல் என்பது அதன் அடிப்பொருள். சட்டம் அனுமதியும் அளிக்கும், மீறினால் ஒறுக்கவும் செய்யும். இந்த வேரை நினைவில் கொண்டால் இரு பொருளும் ஒன்றையொன்று மறக்கவிடா.

‘டிஸ்கவுண்ட்’ என்றால் தள்ளுபடி என்பது கடைக்குச் செல்லும் குழந்தைக்கும் தெரியும். வணிகருக்கு உண்டியல்களை வங்கியில் டிஸ்கவுண்ட் செய்வதும் தெரிந்ததே. உரைப்பகுதியில் ஓர் ஆசிரியர் ஒரு கொள்கையை ‘டிஸ்கவுண்ட்’ செய்கிறார் எனில், அதற்கு அவர் மதிப்பளிக்கவில்லை என்று பொருள். விலையைக் குறைப்பதிலிருந்து பிறந்ததே கருத்தின் மதிப்பைக் குறைப்பதும்.

‘குவாலிஃபை’ இன்னும் நுட்பமானது. தேர்வு எழுதுவோர் அனைவரும் விரும்பும் சொல் அது; தகுதி பெறுதல். ஆனால் உரைப்பகுதியின் ஆசிரியர் தம் கூற்றை ‘குவாலிஃபை’ செய்கிறார் எனில், அதற்கு ஒரு வரம்பு கட்டுகிறார். ‘இது பெரும்பாலும் உண்மை, எப்போதும் அன்று’ என்கிறார். பங்குகள் வைத்திருக்கும் வாசகர்கள் நிறுவன ஆண்டறிக்கையில் தணிக்கையாளரின் கருத்துரையைப் பார்த்திருப்பர். அங்கே ‘குவாலிஃபைடு’ கருத்துரை என்றால் தணிக்கையாளருக்கு ஏதோ ஒன்றில் உடன்பாடில்லை. ‘அன்குவாலிஃபைடு’ என்பதே நற்சான்று! தகுதியற்றது என்று எண்ணி அஞ்சிப் பங்கை விற்க வேண்டியதில்லை.

‘அப்ரிஷியேட்’ என்பதும் அவ்வாறே. வாங்கிய மனையின் மதிப்பு அப்ரிஷியேட் ஆகிறது. மகளின் பாட்டை விருந்தினர் அப்ரிஷியேட் செய்கின்றனர். உரைப்பகுதியில் ‘அறிஞர்கள் இதன் சிக்கலை அப்ரிஷியேட் செய்யவில்லை’ என்றால், அவர்கள் பாராட்டவில்லை என்பது பொருளாகாது. முழுமையாக உணரவில்லை என்பதே பொருள். ‘மொரட்டோரியம்’ கல்விக் கடனில் தவணை தொடங்காத காலம். வணிக நோக்கிலான திமிங்கில வேட்டைக்கு 1986 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தடைக்கும் அதுவே பெயர்.

வட்டி என்று நாம் அறிந்த ‘இன்டரஸ்ட்’ தரும் தொல்லை தனி. அச்சொல்லுக்கு ஆர்வம் என்ற பொருளும், ஒரு விவகாரத்தில் ஒருவருக்குள்ள ஆதாயம் என்ற பொருளும் உண்டு. ‘டிஸ்இன்டரஸ்டட்’ நடுவர் என்றால் அந்த விவகாரத்தில் தமக்கென ஆதாயம் ஏதுமில்லாதவர், நடுநிலையாளர். ஆர்வமற்றவரைக் குறிக்க ‘அன்இன்டரஸ்டட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. வழக்குக்குப் போகிறவர் முன்னவரைத் தேடுவார். பின்னவரிடம் அகப்பட்டால் அவருடைய விதி.

கணக்குப் புத்தகத்தில் நாம் மகிழ்ந்து பார்க்கும் ‘கிரெடிட்’டோ ஒரு குடும்பத்தையே அழைத்து வருகிறது. நம்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அதன் மூலம். திருப்பித் தருவார் என்று நம்பித் தருவதால் கடன் கிரெடிட் ஆயிற்று. நம்பத்தக்கது ‘கிரெடிபிள்’, எதையும் எளிதில் நம்புகிறவர் ‘கிரெடுலஸ்’, நம்பிக்கை அளித்தல் ‘கிரெடன்ஸ்’, நம்பகத்தைக் கெடுத்தல் ‘டிஸ்கிரெடிட்’. முதலிரண்டையும் மாற்றிக் கொள்வதே மாணவர் செய்யும் வழக்கமான பிழை. முன்னது செய்திக்கோ சாட்சிக்கோ உரியது, பின்னது ஏமாறுகிறவருக்கு உரியது. இவ்வாறு ஒரு வேரைப் பிடித்து ஐந்து சொற்களைக் கற்பது, ஐந்து சொற்களை அகரவரிசையில் உருப்போடுவதைவிட நெடுநாள் நிற்கும்.

சொற்களை விட்டு வாக்கியத்துக்கு வருவோம். தமிழ் வழியில் சிந்திப்போருக்கு ஆங்கில வாசிப்பு மெதுவாவதற்குச் சொல்லறிவின்மையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, வாக்கியத்தின் திசை. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னே வரும். வினைமுற்று கடைசியில் வந்து வாக்கியத்தை முடிக்கும். ‘நேற்று வங்கியில் பணம் கட்டிய பெண் வந்தாள்’ என்போம். ஆங்கிலம் பெண்ணை முதலில் சொல்லிவிட்டு, அவள் எத்தகையவள் என்பதைப் பின்னால் இழுத்துச் செல்லும். தேர்வு உரைப்பகுதிகளில் அந்த இழுவை நான்கு வரிக்கும் நீளும். மனத்துக்குள் தமிழாக்கிக்கொண்டே படிப்பவரின் கண் ஒவ்வொரு வரியிலும் பின்னோக்கி ஓடுகிறது. 40 நிமிடம் அங்கேதான் கரைகிறது. எழுவாய் எது, அதன் முதன்மை வினை எது என்று முதலில் கண்டு, இடைப்பட்ட தொடரைப் பிறகு பார்ப்பது ஒரு பயிற்சி. நாள்தோறும் ஐந்து நீள்வாக்கியங்களில் இவ்விரண்டை மட்டும் அடிக்கோடிட்டு வந்தால் போதும். சில வாரங்களில் கண் பின்னோக்கி ஓடுவது குறையும்.

‘ஆல்தோ’ போன்ற இணைப்புச் சொற்களும் இடம் மாறி நிற்பவை. தமிழில் ‘மழை பெய்தாலும்’ என்று தொடரின் முடிவில் அறிவிப்போம். ஆங்கிலத்தில் அது தொடரின் வாயிலிலேயே நிற்கும்: இப்போது வருவது ஆசிரியரின் முடிவன்று, அது அடுத்த பாதியில் வரும் என்று அறிவிக்கும். ‘ஹவெவர்’, ‘யெட்’, ‘நெவர்தலெஸ்’ ஆகியவையும் திருப்பங்கள். இவற்றுக்குப் பின்வருவதையே வினாக்கள் பெரும்பாலும் தேடுகின்றன.

தேர்வில் வரக்கூடிய வகையில் ஓர் உரைப்பகுதியைத் தமிழிலேயே அமைத்துப் பார்ப்போம். ‘பை என்னும் எண்ணின் மதிப்பைத் தரும் முடிவிலாத் தொடரை 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் கிரிகோரியும் லைப்னிட்சும் கண்டனர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும், 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் வாழ்ந்த சங்கமகிராம மாதவரின் மரபில் அத்தொடர் முன்னமே அறியப்பட்டிருந்தது. ஜ்யேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை அதற்கு நிறுவலும் தருகிறது. இக்கணிதம் பாதிரிமார் வழியே ஐரோப்பாவை அடைந்தது எனச் சிலர் கருதுகின்றனர். கடல்வழித் தொடர்பு இருந்தது உண்மை. எனினும் அறிவு கைமாறியதைக் காட்டும் நேரடி ஆவணம் கிடைக்கவில்லை.’

வினா: கணிதம் ஐரோப்பாவுக்குச் சென்றது என்னும் கருத்தைப் பற்றி ஆசிரியரின் நிலை யாது? ஏற்கிறார், பொய்யென மறுக்கிறார், இயலக்கூடியதாயினும் நிறுவப்படாதது என்கிறார், கேரளக் கணிதத்தைப் போற்றுகிறார் என நான்கு விடைகள். நம் மண்ணின் பெருமை முதல் விடைக்கு நம்மை இழுக்கும். நான்காவது விடை ஒருகால் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்ட வினாவுக்கு அது விடையன்று. மூன்றாவதே சரி, கடைசி வாக்கியத்து ‘எனினும்’ அதற்குச் சான்று. மேலே கண்ட ‘குவாலிஃபை’ செய்தல் இதுதான். தனக்குத் தெரிந்ததையும் தான் விரும்புவதையும் ஒதுக்கிவைத்து, தாளில் உள்ளதை மட்டும் பார்ப்பது அறிவு மிகுந்த மாணவருக்கே கடினமாக இருக்கிறது. தமக்குப் பழக்கமான பொருள் பற்றிய உரைப்பகுதியில் சிலர் அதிகம் தவறுவதற்கு இதுவே காரணம்.

தவறான விடைக்குரிய கணக்கையும் பார்த்துவிடலாம். ‘கேட்’ தேர்வில் சரியான விடைக்கு மூன்று மதிப்பெண்; நான்கு விடைகளுள் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் ஒன்று கழியும். கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைத் தொடுவோருக்குச் சராசரியில் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு எஞ்சிய இரண்டில் ஒன்றைத் தொட்டால் சராசரியாக ஒரு மதிப்பெண் வரவு. ஒன்றையும் நீக்க இயலாத வினாவில் நேரத்தைச் செலவிடுவதே உண்மையான நட்டம். தட்டச்சு செய்து விடையளிக்கும் வினாக்களுக்குக் கழிவில்லை; அவற்றை வெறுமையாக விடக் காரணமே இல்லை. ஜி.ஆர்.இ. தேர்வில் எங்குமே கழிவில்லை.

பயிற்சிக்கு வேண்டிய பொருள் விலை மிகுந்ததன்று. பழவங்காடியிலிருந்து மகாத்மா காந்தி சாலையில் வடக்கே சென்றால் பாளையத்தில் 1829-இல் தொடங்கப்பெற்ற மாநில மைய நூலகம் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய பொதுநூலகங்களுள் ஒன்று. ஜி.ஆர்.இ. நடத்தும் இ.டி.எஸ். நிறுவனம் கட்டணமில்லா மாதிரித் தேர்வுகளை இணையத்தில் வைத்துள்ளது. பொறியியல் படித்தவர் கலை வரலாறும், வணிகம் படித்தவர் உயிரியலும் படிக்கட்டும். தம் துறைக்கு வெளியே நாளுக்கு ஒரு கட்டுரை. அகராதியைத் தொடாமல் ஒருமுறை முழுவதும் படித்து, அதன் சாரத்தைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்க வேண்டும். எழுத வரவில்லையெனில் கட்டுரை புரியவில்லை என்பது உறுதி. எத்தனை சொல் தெரிந்திருந்தாலும் சரியே. அதன்பின் அகராதியைத் திறந்து, ஐயமுற்ற சொல்லை அது நின்ற வாக்கியத்தோடு குறிப்பேட்டில் எழுத வேண்டும், தனிச்சொல்லாக எழுதலாகாது.

வீட்டில் உள்ள பெரியோர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிள்ளையிடம் ‘ரிடீம்’, ‘கொலாட்டரல்’, ‘டிஃபால்ட்’ ஆகிய மூன்று சொற்களைக் கொடுத்து, வங்கிக்கு வெளியே அவற்றின் பொருளைக் கேளுங்கள். குறைகளுக்கு ஈடுசெய்யும் ஒரே நற்கூறு, பக்கவிளைவான சேதம், வேறு தேர்வு செய்யாதபோது தானே அமைவது என்னும் மூன்றும் விடையில் வந்தால் அடுத்த உரைப்பகுதிக்குப் போகலாம்.