முதல் ஏஏ மீட்டிங்: தேடுறதுல இருந்து டீ குடிக்கிற வரைக்கும்

"குடியை விடணும்னு நினைக்கிறேன், முடியல" என்று நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னால், நம்மகிட்ட ரெண்டே பதில்தான் ரெடியா இருக்கும். ஒண்ணு, "மனசு வெச்சா முடியும்". இன்னொண்ணு, "ரிஹாப்ல சேர்த்துடலாம்". நடுவுல மூணாவதா ஒரு வழி இருக்கு. ஏதாவது ஒரு சர்ச் ஹாலிலோ ஸ்கூல் வகுப்பறையிலோ சாயங்காலம் நடக்கும். கட்டணம் கிடையாது, ரிஜிஸ்டரில் பேர் எழுத வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ.

இது ஆரம்பிச்ச கதை சின்னது, ஆனா முக்கியமானது. 1935-ல் பில் வில்சன் என்கிற அமெரிக்கர் பிசினஸ் விஷயமாக ஓஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரான் நகரத்துக்குப் போனார். குடியை விட்டு சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. போன காரியம் ஊத்திக்கிச்சு. தங்கியிருந்த ஹோட்டலில் பார் பக்கத்துலயே இருக்கு. அவர் பாருக்குப் போகாமல், போனை எடுத்து, இந்த ஊரில் என்னை மாதிரி இன்னொரு குடிகாரர் யாராவது இருக்காரா, அவரிடம் பேசணும் என்று விசாரிச்சார். அப்படிக் கிடைச்சவர்தான் டாக்டர் பாப் ஸ்மித், ஒரு சர்ஜன். அவருக்கு அட்வைஸ் பண்ண பில் போகவில்லை. பேசினால் தன்னோட தாகம் அடங்கும் என்றுதான் போனார். டாக்டர் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. அதையே ஏஏ தன் பிறந்தநாளாக வெச்சிருக்கு. இன்னைக்கும் மீட்டிங்கின் மொத்த மெக்கானிசம் இதேதான்: குடிச்சவர் குடிச்சவரிடம் பேசுவது.

தேடுறது கஷ்டமில்லை. ஏஏ இந்தியாவின் வெப்சைட்டில் ஊர்வாரியாக மீட்டிங் லிஸ்ட் இருக்கும். ஆனா லிஸ்ட்டை மட்டும் நம்பி கிளம்ப வேண்டாம். இடமும் நேரமும் மாறியிருக்கலாம், ஒரு போன் பண்ணிடுங்க. எடுக்கிறவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவராகவே இருப்பார், அதனால தயங்க வேண்டாம். ரெண்டு கேள்வி கேட்கணும். தமிழா, இங்கிலீஷா? ஓப்பன் மீட்டிங்கா, க்ளோஸ்டா? க்ளோஸ்ட் என்றால் குடிப்பழக்கத்தை விட விரும்புறவங்க மட்டும். ஓப்பன் என்றால் கூட வர்றவங்களும் உட்காரலாம். நேரில் போகவே கூச்சம் என்றால் ஆன்லைன் மீட்டிங்கும் உண்டு, கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேட்கலாம்.

போன வருஷம் என் மாமாவோட ஒரு ஓப்பன் மீட்டிங்குக்குப் போனேன். அங்கே யார் என்ன சொன்னாங்கன்னு இங்கே எழுத மாட்டேன், அனானிமஸ் என்ற பேருக்கு அதுதானே அர்த்தம். நடக்கும் முறையை மட்டும் சொல்றேன். ஒருத்தர் ஆரம்பித்து வைப்பார். பிறகு ஒவ்வொருத்தராக பேரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிட்டு தன் கதையைப் பேசுவாங்க. யாரும் குறுக்கே பேச மாட்டாங்க, "நீங்க இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்று யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம வீடுகளில் இது எவ்வளவு அபூர்வம்னு உங்களுக்கே தெரியும். பேசப் பிடிக்கலைன்னா, "இன்னைக்கு கேட்கத்தான் வந்தேன்" போதும். மாமா முதல் நாள் அதைத்தான் சொன்னார். கடைசியில் செலவுக்கு ஒரு பை சுத்தி வரும், புதுசா வர்றவங்க போடணும்னு இல்லை. அப்புறம் டீ. உண்மையில் போன் நம்பர் வாங்குறது அங்கேதான் நடக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு கை அரிக்கும்போது கூப்பிட ஒரு நம்பர்.

சாமி பேச்சு வருமே என்று சில பேர் கேட்பாங்க. வரும். பன்னிரண்டு படிகளில் கடவுள் இருக்கார், ஆனா அவரவர் புரிஞ்சுக்கிட்டபடி என்று சேர்த்தே எழுதியிருக்காங்க. அதுவும் ஒத்துவரலைன்னா 1994-ல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி இருக்கு, அதில் கடவுள் கிடையாது. ஒரு குரூப் பிடிக்கலைன்னா அடுத்த குரூப்புக்குப் போய்ப் பாருங்க.

வேலை செய்யுதா? 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தகவலை, சேர்த்துப் பார்த்தது. ஏஏ பக்கம் முறையாக அனுப்பப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து முழுசா குடிக்காமல் இருந்தவங்க 42 சதவீதம். சிபிடி மாதிரி மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். பெரிய மேஜிக் இல்லை, ஆனா இலவசமா கிடைக்கிற ஒண்ணுக்கு இது நல்ல ரிசல்ட் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வையோடு நிற்காது. வலிப்பு வரலாம், இல்லாத உருவம் தெரியலாம், உயிரே போகலாம். அவங்களுக்கு முதலில் டாக்டர், அப்புறம்தான் மீட்டிங். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. யாரைக் கேட்பதென்று தெரியலைன்னா டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. வலிப்போ குழப்பமோ வந்துட்டா நேரா 108.

குடும்பத்துக்கென்று தனியா அல்-அனான் இருக்கு. பில்லின் மனைவி லோயிஸ் மற்றவங்களோடு சேர்ந்து 1951-ல் ஆரம்பித்தது. குடிக்கிறவர் வந்தாலும் வராவிட்டாலும் வீட்டுல இருக்கிறவங்க போகலாம். மாமா சில வாரம் மட்டம் போடுறார். அத்தை போடுறதில்லை.