வீட்டிலேயே காய்ச்சிய பீர்... ஒரு வருடக் கணக்கு!

'குடும்பப் பத்திரிகையில் பீரைப் பற்றியா?' என்று முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளைகளை அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று அனுப்பிவிட்ட தாய்மார்கள் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி இது. "டாக்டர், பையன் அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சுறானாம். கலப்படம் இல்லை, எல்லாம் இயற்கை, உடம்புக்கு நல்லதுதான்னு சொல்றான். நிஜமாங்க?"

இந்த முறை கேள்வி என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் அக்கா மகன் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டு நகரத்தில் இருக்கிறான். வயது 39. போன வருடம் முழுக்க வீட்டில் பீர் காய்ச்சியிருக்கிறான். லீவுக்கு வந்தபோது, அதையெல்லாம் எழுதி வைத்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுவந்திருந்தான். "மாமா, நீங்க கஷாயம், அரிஷ்டம் எல்லாம் படிச்சவங்க. இதைப் பாருங்க, உங்களுக்குப் பிடிக்கும்" என்றான்.

பிடிக்கத்தான் செய்தது! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாட வகுப்பில் நாங்கள் எழுதிய நோட்டுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. தேதி, எடை, வெப்பநிலை, எத்தனை மணி நேரம்... ஒரு வருடத்தில் 14 தடவை. ஒவ்வொரு தடவையும் 5 காலன், நம் கணக்கில் சுமார் 19 லிட்டர்.

கேழ்வரகு முளை தெரியும்தானே?

பீர் என்பது என்ன என்று முதலில் புரிந்துகொள்வோம். குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கிறோம். அந்த மாவில் காய்ச்சிய கூழ், சாதாரணக் கேழ்வரகு மாவுக் கூழைவிட நீர்த்து, லேசாக இனிக்கும். காரணம், முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்கிற நொதி உண்டாகிறது. அது மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகிறது.

பீருக்கும் இதே கதைதான். கேழ்வரகுக்குப் பதில் பார்லி. முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு 'மால்ட்' என்று பெயர். அதை நொறுக்கி 65 முதல் 68 டிகிரி சென்டிகிரேடு சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் வைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். சூடு ரொம்பக் கூடினால் நொதி செத்துப்போகும். குறைந்தால் சோம்பேறியாகிவிடும். வடிகட்டினால் கிடைப்பது ஓர் இனிப்புக் கஷாயம். அதுவரை அதில் போதை எதுவும் கிடையாது, குழந்தைகூடக் குடிக்கலாம்.

அடுத்து, அதை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து 'ஹாப்ஸ்' போடுகிறார்கள். கொடியில் காய்க்கிற, சின்னச் சின்னக் கூம்பு மாதிரியான பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் தருவது இதுதான். கிருமிகளையும் ஓரளவு அடக்கிவைக்கும். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமா பள்ளத்தாக்கிலும் பக்கத்து ஆரிகனிலும் நிறைய விளைகிறது. தாவரவியலில் கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் கஞ்சாவின் போதைச் சத்து இதில் இல்லை. (இதைச் சொன்னதும் என் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்!)

பிறகு 20 டிகிரி வாக்கில் ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றும். வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலிருக்கவும் மூடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழாய். நாம் பானை வாயைத் துணிசுற்றி மண் பூசி சீலைமண் செய்கிறோமே, அதற்கு நாகரிக வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு வாரம் நொதித்ததும், கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, இன்னும் இரண்டு வாரம் வைத்தால் நுரை வந்துவிடும்.

வெடித்த பாட்டில்

நாலாவது தடவை காய்ச்சியது புளித்துப்போய் அத்தனையும் சாக்கடைக்குப் போனது. பிளாஸ்டிக் குழாயின் உட்புறக் கீறலில் ஒளிந்திருந்த பாக்டீரியாவின் வேலை. கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு கழுவினாலும் சுத்தம் வராது. இட்லி மாவுக்கும் ஊறுகாய்க்கும் பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிற வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

ஏழாவது தடவை நடந்ததுதான் பயங்கரம். அது டிசம்பர் குளிர். ஈஸ்ட் மந்தமாகி, நொதித்தல் பாதியிலேயே நின்றிருக்கிறது. இதை அளக்க ஒரு கருவி உண்டு, பால்காரரின் லாக்டோமீட்டருக்குத் தம்பி முறை. காய்ச்சிய கஷாயம் லிட்டருக்கு 1050 கிராம் எடை இருந்தால், முழுதாக நொதித்த பிறகு 1012 வாக்கில் இறங்க வேண்டும். அந்த 38 கிராம் வித்தியாசம்தான் சுமார் 5 சதவீத ஆல்கஹால். இவன் 1022-இல் இருக்கும்போதே, 'முடிந்தது' என்று பாட்டிலில் அடைத்துவிட்டான். வீட்டுக்குள் கதகதப்பு வந்ததும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைத் தின்ன ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி அலமாரிக்குள் ஐந்து பாட்டில்கள் அடுத்தடுத்து வெடித்தன. கண்ணாடிச் சில்லு சுவரில் குத்தி நின்றதாம். ஆறு வயதுப் பையன் இருக்கிற வீடு! நல்லவேளை, பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மீதிப் பாட்டில்களைக் கனமான கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அப்புறப்படுத்தியிருக்கிறான்.

கள்ளச்சாராயம் மாதிரி ஆகிவிடாதா?

அக்காவுக்கு இதுதான் பெரிய பயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனால் அங்கே உயிரைக் குடித்தது தொழிற்சாலையில் பயன்படுகிற மெத்தனால் என்கிற விஷச் சாராயம். பார்லியை நொதிக்கவைத்த பீரில் அந்த அளவுக்கு மெத்தனால் உண்டாவதில்லை. அந்த வகையில் அக்கா நிம்மதியாகத் தூங்கலாம் என்று சொன்னேன்.

சட்டம் வேறு விஷயம். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வருடம் 200 காலன் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். விற்கக் கூடாது. நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 'டாக்டரே எழுதியிருக்கிறார்' என்று யாரும் இங்கே அடுப்பு மூட்டிவிடாதீர்கள்!

நோட்டில் இல்லாத பத்தி

நோட்டைக் கடைசிவரை புரட்டிவிட்டு ஒன்று கேட்டேன். "ஏன் மருமகனே, பார்லி எத்தனை கிராம்னு இருக்கு, ஹாப்ஸ் எத்தனை கிராம்னு இருக்கு. நீ எத்தனை பாட்டில் குடிச்சேங்கறது எங்கே இருக்கு?"

சிரித்தான். "அதை யாரு மாமா எழுதுவா? நான் குடிக்கிறவனா? வார நாள்ல தொடுறதே இல்லை. வெள்ளி, சனி ருசி பார்க்கிறதுதான்."

ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். 14 தடவையில் இரண்டு வீண். மீதி 12. தடவைக்கு 355 மில்லி பாட்டில் 48. ஆக 576 பாட்டில். நண்பர்களுக்குக் கொடுத்தது மூன்றில் ஒரு பங்கு, 192. அவன் மனைவி குடிப்பதில்லை. அலமாரி காலி. அப்படியானால் மீதி 384 பாட்டிலும் போன இடம் ஒன்றுதான்!

வாரத்துக்கு ஏழுக்கு மேல். இரண்டே ராத்திரியில் என்றால், ஒரு ராத்திரிக்கு மூன்று, நாலு. 5 சதவீத பீர் ஒரு பாட்டிலில் 14 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. வருடத்துக்கு ஐந்தே கால் கிலோவுக்கு மேல். அவன் காய்ச்சியதில் பல 6, 7 சதவீதம், ஆகவே நிஜக் கணக்கு இன்னும் கூடும். பாட்டிலுக்குச் சுமார் 150 கலோரி, மொத்தம் 57,600. காய்ச்ச ஆரம்பிப்பதற்கு முன்னால் அவன் குடித்தது மாதத்துக்கு இரண்டோ மூன்றோ.

அவன் பொய் சொல்லவில்லை. குடிக்கிறோம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் விஷயம். கடையில் வாங்கினால் காசு கணக்குச் சொல்லும். பாருக்குப் போனால் நேரம் கணக்குச் சொல்லும். வீட்டில் காய்ச்சினால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பரிசோதனை. 'நுரை சரியா இருக்கா, கசப்பு ஜாஸ்தியா?' சமையல் செய்கிறவர்கள் உப்புப் பார்க்கிற மாதிரி. தன் கையால் செய்ததன் மேல் இருக்கிற பாசம் வேறு. கீழே ஊற்ற மனசு வருமா?

கால் கட்டைவிரல்

போன மார்ச்சில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடித்துப்போனானாம். 'கவுட்' என்று அங்குள்ள டாக்டர் மாத்திரை கொடுத்தார், நாலு நாளில் அடங்கியது. ஷூ கடித்திருக்கும் என்று அதோடு மறந்துவிட்டான். எங்கள் அப்பாவுக்கும் இதே விரலில் இதே வலி இருந்தது என்பதை அக்கா சொல்லித்தான் அவன் தெரிந்துகொண்டான்.

இங்கே ரத்தப் பரிசோதனை எடுத்தோம். யூரிக் அமிலம் 8.6. ஆண்களுக்கு 7-ஐத் தாண்டக் கூடாது. ஈரலைப் பற்றிச் சொல்கிற எஸ்.ஜி.பி.டி. 72, டிரைகிளிசரைடு 265. எடை ஒரு வருடத்தில் 5 கிலோ கூடியிருக்கிறது. முப்பது வருடமாக நாடி பார்க்கிறேன், ஆனால் இதற்கு நாடியைவிட அந்தக் காகிதம்தான் பேசியது.

பீருக்கும் யூரிக் அமிலத்துக்கும் நெருக்கமான உறவு. ஆல்கஹால், யூரிக் அமிலம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைக்கிறது. அதோடு பீரில் பியூரின் சத்தும் இருக்கிறது, அது உடம்பில் யூரிக் அமிலமாக மாறும். மது வகைகளிலேயே கவுட்டைக் கூப்பிட்டுக்கொண்டு வருவதில் பீர்தான் முன்னால் நிற்கிறது. வீட்டு பீரை வடிகட்டுவதில்லை, அடியில் ஈஸ்ட் வண்டல் தங்கும். அதைக் கலக்கிக் குடித்தால் பியூரின் இன்னும் கூடும்.

"அந்த வண்டல்ல வைட்டமின் பி இருக்கே மாமா?" என்றான். இருக்கிறது. ஆனால் தயமின் என்கிற பி1 குடலில் உறிஞ்சப்படுவதை ஆல்கஹாலே தடுக்கிறது. வைட்டமின் பி வேண்டுமென்றால் கைக்குத்தல் அரிசியும் பயறும் போதும். 'இயற்கையானது' என்கிற வாதமும் நிற்காது. இயற்கையாக உண்டானாலும் ஆல்கஹால் ஆல்கஹால்தான், ஈரலுக்கு அதில் வித்தியாசம் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல், ஆல்கஹாலில் 'இந்த அளவு பாதுகாப்பானது' என்று எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டது.

"உங்க அரிஷ்டத்துல?" என்று மடக்கினான். நியாயமான கேள்வி! தாதகிப் பூ சேர்த்து நொதிக்கவைக்கிற அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் தானாக உண்டாகிறது. ஆனால் 8 சதவீதம் உள்ள அரிஷ்டம் 30 மில்லி குடித்தால் உள்ளே போவது இரண்டு கிராமுக்கும் குறைவு. பாட்டில் பீரில் 14. அப்படியும், ஈரல் கெட்டவர்களுக்கும் குடியை நிறுத்தப் போராடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நான் அரிஷ்டம் எழுதுவதில்லை, சூரணமோ குடிநீரோதான்.

என்ன சொல்லி அனுப்பினேன்?

நோட்டைக் கிழித்துப் போடு என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நமக்குத் தெரியாமல் காய்ச்சுவான். முதலில் மூன்று மாதம் ஒரு சொட்டுகூட வேண்டாம் என்றேன். தினம் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர். ஆட்டு ஈரல், நெத்திலி, மத்தி வேண்டாம். நெருஞ்சில் குடிநீரும் எழுதிக்கொடுத்தேன். பாட்டிலை விடாமல் நெருஞ்சிலை மட்டும் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை என்றும் சொன்னேன். கவுட் மாத்திரை மறுபடி தேவைப்பட்டால் அங்குள்ள டாக்டரிடம் இந்தப் பரிசோதனைக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன்.

தாய்மார்களுக்கு ஒரு விஷயம். பிள்ளை போனில் 'காய்ச்சுறேன்' என்று சொன்னால் கத்தாதீர்கள். "மொத்தம் எத்தனை பாட்டில் வந்தது, எத்தனை பேருக்குக் கொடுத்தே, மிச்சம் எத்தனை?" என்று சாவகாசமாகக் கேளுங்கள். கழித்தல் கணக்கு அவனே போட்டுக்கொள்வான். தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ கவுட், சர்க்கரை, ஈரல் கோளாறு இருந்ததா என்பதையும் சொல்லிவிடுங்கள். தூக்க மாத்திரை, மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகள் சாப்பிடும்போது பீர் கூடவே கூடாது. பாரசிட்டமால் அடிக்கடி போட்டுக்கொள்கிறவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

திரும்பிப் போனவன் மூன்று மாதம் வாக்கைக் காப்பாற்றினான். குளிரில் ஈஸ்ட்டுக்காக வாங்கிய சூடேற்றும் பட்டையை இப்போது இட்லி மாவுப் பாத்திரத்தில் சுற்றி வைக்கிறானாம். ஐந்து வருடமாகப் பொங்காத மாவு பொங்குகிறது என்று அவன் மனைவி போனில் சொன்னாள். நோட்டில் 'குடித்தது' என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறான். இனி காய்ச்சினாலும் தடவைக்கு ஒரு காலன் மட்டும் என்று முடிவு. யூரிக் அமிலம் 6.7-க்கு வந்திருக்கிறது. எடை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது. எஸ்.ஜி.பி.டி. மட்டும் 51-இல் நிற்கிறது, அது 40-க்குள் வர வேண்டும். இன்னும் மூன்று மாதம் அதே பத்தியம் இருந்து மறுபடி பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறேன்.